செட்டியார் தெரு போர்டுக்குக் கிம்பில் பித்தளை எழுத்து செய்த கதை

கொழும்பு புறக்கோட்டை செட்டியார் தெருவில் நகைக்கடை வைத்திருக்கும் ஒரு முதலாளிக்குப் பெயர்ப்பலகை வடிவமைத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. 10 அடி நீளம், 3 அடி உயரம். சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் வர வேண்டும். அவருடைய அப்பா காலத்தில் கடை முகப்பில் நிஜப் பித்தளை எழுத்துக்கள் இருந்தனவாம். தீபாவளிக்கு முன் ஏணி வைத்து ஒவ்வொன்றாகக் கழற்றி, புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, மறுபடி மாட்டுவார்களாம். இப்போது அதே மாதிரி வெட்டக் கேட்ட விலைக்குக் கடைக்குள் இன்னொரு ஷோகேஸ் போடலாம் என்றார். ஆகவே பிளெக்ஸ்தான். ஆனால் வீதியில் நின்று பார்த்தால் பித்தளை என்று நினைக்க வேண்டும்.

சரி, இதில் என்ன இருக்கிறது என்று ஒரே இரவில் முதல் டிசைனை முடித்தேன். மஞ்சளில் தொடங்கி இளமஞ்சளில் முடியும் கிரேடியன்ட், ஓரத்தில் வெள்ளை மினுக்கம், கீழே கறுப்பு நிழல். கல்யாண அல்பத்தில் மாப்பிள்ளை பெண் பெயர் போடுவோமே, அந்த ரகம். காலையில் வட்ஸ்அப்பில் அனுப்பினேன். பத்து நிமிடத்தில் வொய்ஸ் வந்தது: "தம்பி, இது பித்தளையா, மாஜரினா?"

கோபம் வந்தது. அப்புறம் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அவர் சொன்னது சரி.

அன்று பின்னேரம் கடைக்குப் போனபோது லாச்சியைத் திறந்து, பழைய துணியில் சுற்றிய ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். பழைய போர்டில் மிஞ்சிய ஒரே எழுத்து: ளி. கெட்டியான தகட்டில் வெட்டி, ஓரத்தை அரத்தால் ராவியிருந்தார்கள். திருகாணிக்கு மூன்று துளைகள். துளைகளைச் சுற்றிப் பச்சைக் களிம்பு. "இதைக் கொண்டு போய்ப் பாருங்க. தொலைச்சிடாதீங்க" என்றார். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு கொட்டாஞ்சேனைக்கு வந்தேன்.

அடுத்த இரண்டு நாள் கணினியைத் தொடவே இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் பெரும்பாலும் ஜன்னலோரம் அந்த எழுத்தோடுதான் உட்கார்ந்திருந்தேன். வெள்ளைத் தாளில் வைத்துப் போனில் படம் எடுத்தால் எழுத்து வெளிறிப் போய்க் கிட்டத்தட்ட தாள் நிறத்துக்கு வந்தது. அதே இடத்தில் என் கறுப்பு டீஷர்ட்டை எதிரே பிடித்தேன். பொன் நிறம் எல்லாம் போய் அடர் காப்பிக் கொட்டை நிறம். தங்கச்சியின் சிவப்புக் குடையை விரித்துப் பிடித்தால், ராவிய ஓரம் நெடுக ஒரு சிவப்புக் கோடு. எழுத்து அசையவில்லை, வெளிச்சம் மாறவில்லை, எதிரே இருந்த பொருள் மட்டும்தான் மாறியது.

பிளாஸ்டிக்கில் நிறம் உள்ளேயிருந்து வருகிறது. மினுக்கம் அதன் மேல் வெள்ளையாக வந்து உட்காரும். உலோகத்தில் அப்படி 'உள் நிறம்' கிடையாது. வருவதெல்லாம் பிரதிபலிப்பு மட்டும்தான். பொன்னும் செம்பும் அந்தப் பிரதிபலிப்பில் நீலத்தைத் தின்றுவிட்டு மீதியைத் திருப்பி அனுப்புகின்றன. செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளையும் அப்படித்தான். அதனால் பித்தளையின் மினுக்கம்கூட மஞ்சள் சாயலில்தான் இருக்கும். நான் மஞ்சளுக்கு மேல் சுத்த வெள்ளை மினுக்கத்தை வைத்திருந்தேன். அதுதான் மாஜரின்.

இன்னொன்றும் தெரிந்தது. அந்த எழுத்தில் வெளிச்சமும் இருட்டும் படிப்படியாக மாறவில்லை. பளீரென்று ஒரு பட்டை, உடனே இருட்டு, அப்புறம் நடுத்தரம், மறுபடி இருட்டு என்று வெட்டி வெட்டி வந்தது. என் கிரேடியன்ட் மேலிருந்து கீழே சறுக்குமரம் மாதிரி வழுக்கிக்கொண்டு போனது.

அப்படியென்றால் போர்டில் இருக்கும் எழுத்து எதைக் காட்ட வேண்டும்? கடைக்கு எதிரே இருப்பதை. மறுநாள் காலை பத்து மணிக்குப் போய்க் கடை வாசலில் நின்று, போர்டு பார்க்கும் திசையைப் பார்த்துப் படம் எடுத்தேன். எதிர்க்கடை வாட்ச்மேன் இரண்டு தடவை முறைத்தார். நகைக்கடைத் தெருவில் கடைகளைப் படம் எடுத்தால் யாருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும். முதலாளி வெளியே வந்து சொல்லிவிட்டுப் போனார். மேலே ஒடுங்கிய ஒரு கீற்று வானம், அதன் கீழே வெயில் மறைப்புத் தகரத்தின் இருட்டு, அப்புறம் எதிர்க்கடையின் கிரீம் நிறச் சுவர், அதற்குக் கீழே ஆட்களும் முச்சக்கரவண்டிகளுமாக ஒரு கலங்கிய நிழல், கடைசியில் வெயில் பட்ட வீதி. இதுதான் என் கிரேடியன்ட்.

இனி வேலை. நான் பாவிப்பது கிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருள். இலவசம், என் பழைய லெப்டொப்பில் ஓடுகிறது, தமிழை ஒழுங்காகக் கோர்க்கிறது. 2025 மார்ச்சில் வந்த 3.0 பதிப்பில் பில்டர்களைப் போட்ட பிறகும் திறந்து எண்களை மாற்றலாம். இந்த வேலைக்கு அது பெரிய உதவி. போட்டோஷொப் வைத்திருப்பவர்கள் பெவல் அன்ட் எம்பாஸ் என்ற ஒரே பெட்டிக்குள் பாதியை முடித்துவிடலாம். ஆனால் கையால் ஒவ்வொரு படியாகச் செய்தால் எது எதனால் வருகிறது என்று தெரியும்.

எழுத்துருவில் ஒரு மணித்தியாலம் போனது. முதலாளி பெயரைப் பென்டிரைவில் தந்திருந்தார், பழைய பில் புத்தகத்துக்கு அடித்த பைல். பாமினி எழுத்துரு, யூனிகோடுக்கு முந்திய ரகம். கிம்பில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டியது. இலங்கையில் அச்சுக் கடைப் பக்கம் போனவர்களுக்கு இது புதிதல்ல. யூனிகோடில் நானே திரும்ப அடித்தேன். மூன்று மொழிக்கும் ஒரே எழுத்துருக் குடும்பம் வேண்டும் என்பதால் நோட்டோ சான்ஸ், தடித்த எடை. அழகில் அதைவிட நல்லவை உண்டு. ஆனால் சிங்களமும் தமிழும் ஆங்கிலமும் ஒரே தடிப்பில் பக்கத்துப் பக்கத்தில் நிற்பதுதான் எனக்கு முக்கியமாக இருந்தது.

பைலின் அளவு: அங்குலத்துக்கு 100 புள்ளி வைத்தேன். உயரத்தில் மாட்டும் பிளெக்ஸுக்கு அது தாராளம். 12,000க்கு 3,600 பிக்ஸல் வந்தது.

முதலில் வேண்டியது உயர வரைபடம். அதாவது, எழுத்து எங்கே மேடு, எங்கே தாழ்வு என்று கறுப்பு வெள்ளையில் சொல்லும் ஒரு லேயர் (ஒன்றன் மேல் ஒன்றாக வைக்கும் பட அடுக்கு). வெள்ளை மேடு, கறுப்பு பள்ளம். கிம்பில் எழுத்தைத் தெரிவு செய்துவிட்டு, கிரேடியன்ட் கருவியில் 'ஷேப்ட்' வகையை எடுத்து இழுத்தால், ஓரத்தில் கறுப்பாகத் தொடங்கி நடுவில் வெள்ளையாக ஏறும். பார்க்கக் கூரை முகடு மாதிரி இருக்கும். இங்கேதான் தமிழ் எழுத்து கையைக் கடித்தது. கடைப் பெயரில் 'மாளிகை' என்று முடிகிறது. ம-வின் தடித்த காலில் முகடு முழு வெள்ளை வரை ஏறியது. 'கை'யில் முன்னால் வரும் இரட்டைச் சுழியில் கோடு மெலிதல்லவா, அங்கே பாதி உயரத்திலேயே நின்றுவிட்டது. ஒரே தகட்டில் வெட்டிய எழுத்தில் சுழி மட்டும் தேய்ந்து போனது போல.

இதற்கு வழி, கறுப்பு வெள்ளை எல்லைகளை மாற்றும் லெவல்ஸ். வெள்ளை முனையை இடப்பக்கம் இழுத்து, ஆக மெலிந்த கோட்டின் உயரத்தில் நிறுத்தினேன். அதற்கு மேலே உள்ளதெல்லாம் ஒரே வெள்ளையாகச் சமதளமாகிவிட்டது. முகடு போய், ஓரத்தில் மட்டும் சரிவு, மேலே தட்டை. லாச்சியிலிருந்து வந்த ளி-யும் அப்படித்தான் இருந்தது. ஓரம் கத்தி மாதிரி வெட்டிக்கொண்டு நிற்காமலிருக்க 3 பிக்ஸல் ப்ளர்.

அப்படியே விட்டிருக்கலாம். ஆனால் அந்த ளி-யை ஜன்னல் பக்கம் சரித்துப் பார்த்தபோது, தட்டையான முகம் உண்மையில் தட்டையில்லை என்று கண்டுபிடித்திருந்தேன். எத்தனையோ தீபாவளிக்குத் தேய்த்துத் தேய்த்து நடுவில் லேசாகப் புடைத்து, ஓரத்துக்குச் சரிந்திருந்தது. அந்தப் புடைப்பால்தான் வெளிச்சம் முகத்தின் மேல் கொஞ்சம் வளைந்து ஓடியது. அதையும் வேண்டும் என்று ஆசைப்பட்டு, உயர வரைபடத்தின் இன்னொரு பிரதியை நன்றாக ப்ளர் செய்து, பத்தில் ஒரு பங்கு சேர்த்தேன். பிறகு பம்ப் மேப் போட்டேன்; உயர வரைபடத்தைப் பார்த்து, மேடு பள்ளத்தில் வெளிச்சமும் நிழலும் விழுந்தது போலக் காட்டும் பில்டர் அது.

எழுத்தின் முகம் முழுக்கப் படிக்கட்டு. நுவரெலியா போகும் வழியில் மலைச் சரிவில் மரக்கறிப் பாத்திகள் வரிசை வரிசையாக ஏறுமே, அச்சு அசல் அது. ப்ளர் அளவை மாற்றினேன், பாத்தி அகலமானது. மேட்டின் ஆழத்தைச் சொல்லும் டெப்தைக் குறைத்தேன், பாத்தி மங்கியது, கூடவே புடைப்பும் மங்கியது. கடைசியில்தான் மண்டையில் ஏறியது. சாதாரண 8 பிட் படத்தில் கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே 256 படிகள்தான். நான் கேட்ட மென்மையான புடைப்போ 100 பிக்ஸல் தூரத்தில் 20, 25 படி மட்டும் ஏறுகிறது. அப்படியென்றால் நாலைந்து பிக்ஸலுக்கு ஒரே உயரம், பிறகு ஒரு திடீர் ஏற்றம். வெறும் கண்ணுக்குச் சாம்பல் நிறத்தில் அது தெரியாது. பம்ப் மேப் பார்ப்பது உயரத்தை அல்ல, சரிவை. அதனால் ஒவ்வொரு ஏற்றத்தையும் ஒரு வரம்பாகக் காட்டிவிடுகிறது.

இமேஜ் மெனுவில் பிரிசிஷனை 16 பிட்டுக்கு மாற்றினேன். 65,536 படிகள். படிக்கட்டு அப்படியே இருந்தது! ஏனென்றால் 8 பிட்டில் செய்த லேயர் 16 பிட்டுக்குப் போனாலும் பழைய 256 படிகளோடுதான் போகிறது. கிரேடியன்டையும் ப்ளரையும் முதலிலிருந்து 16 பிட்டில் திரும்பச் செய்த பிறகுதான் முகம் வழுவழுப்பானது. புதிதாகச் செய்பவர்கள் பைல் திறந்த உடனேயே இதை மாற்றிவிடுங்கள்.

விலை இல்லாமல் இல்லை. இந்த அளவுப் படத்தில் ஒரு லேயர் 8 பிட்டில் ஏறத்தாழ 173 மெகாபைட் பிடிக்கும், 16 பிட்டில் 346. பத்து லேயர் ஆனதும் என் 8 ஜிபி லெப்டொப் பிளேன் புறப்படுகிற மாதிரிச் சத்தம் போடத் தொடங்கியது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சேவ் பண்ணினேன்; அது 2022 மின்வெட்டுக் காலத்தில் படிந்த பழக்கம். சிங்கள வரியைத் தனிப் பைலுக்கு மாற்றிய பிறகு கொஞ்சம் மூச்சு விட்டது.

பம்ப் மேப்பை ஒரு வெள்ளை லேயரில் போட்டேன், நிறம் இல்லாமல். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வெளிச்சம் நேர் மேலேயிருந்து வருவதாக, அதன் திசைக் கோணமான அஸிமத்தை 90 என்று வைத்தால், கிடைக்கும் சாம்பல் படத்தில் வெளிர்ப்பு என்றால் அந்த இடம் மேலே பார்க்கிறது, கறுப்பு என்றால் கீழே பார்க்கிறது, நடுச் சாம்பல் என்றால் நேரே பார்க்கிறது. 'கம்பென்சேட்' என்ற தெரிவை அணைத்துவிட்டு, வெளிச்சத்தின் உயரக் கோணமான எலிவேஷனை 30க்குப் பக்கத்தில் வைத்ததும் தட்டை முகம் நடுச் சாம்பலாக நின்றது. இப்போது இந்தச் சாம்பலுக்கு மேல் என் தெருவை ஏற்றினால் போதும். மேலே பார்க்கும் சரிவில் வானம், கீழே பார்க்கும் சரிவில் வீதி, தட்டை முகத்தில் எதிர்க்கடைச் சுவர். கலர்ஸ் மெனுவில் கிரேடியன்ட் மேப் இதைத்தான் செய்கிறது.

வாசலில் எடுத்த படத்திலிருந்து நிறங்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் நீலத்தைக் குறைத்துப் பித்தளை ஆக்கினேன். நான் வைத்த எண்கள், சிவப்பு பச்சை நீலம் வரிசையில்: வானம் 255, 236, 170. தகர நிழல் 48, 28, 10. சுவர் 176, 128, 52. ஆட்களும் வண்டிகளும் 70, 42, 16. வீதி 150, 108, 50. வானத்துக்கும் தகரத்துக்கும் நடுவே இடைவெளியே விடாமல், கிரேடியன்டில் இரண்டு நிறப் புள்ளிகளையும் ஒட்டி வைத்தேன். அந்த ஒரு வெட்டுதான் எழுத்தை உலோகமாக்கியது. அதை அழுத்திய கணம் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

உட்கார்ந்த வேகத்திலேயே ஒரு குறை கண்ணில் பட்டது. ம-வின் நேரான கால்களுக்கு ஓரமே இல்லாத மாதிரி இருந்தது. வெளிச்சம் நேர் மேலே இருந்தால் இடப்பக்கச் சரிவும் வலப்பக்கச் சரிவும் ஒரே சாம்பல்தானே, ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரிக்க முடியாது. அஸிமத்தை 115க்குத் திருப்பினேன். மேல் இடப்பக்கமாக வெளிச்சம் கொஞ்சம் சாய்ந்தது, கால்கள் திரும்பி வந்தன. விளையாட்டாக 270க்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். புடைத்து நின்ற எழுத்தெல்லாம் பலகைக்குள் குழிந்து போயிற்று. வெளிச்சம் மேலேயிருந்துதான் வரும் என்று நம் கண் தீர்மானித்து வைத்திருக்கிறது. மேல் ஓரம் இருட்டு, கீழ் ஓரம் வெளிச்சம் என்றால் அது குழி என்றே படிக்கும்.

மினுக்கக் கீறல்களைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. சாம்பல் லேயரில் நொய்ஸ் என்ற புள்ளித் தூவல், அதற்கு மேல் அதை ஒரே திசையில் இழுக்கும் 60 பிக்ஸல் லீனியர் மோஷன் ப்ளர், கீழுள்ளதோடு மென்மையாகக் கலக்கும் சொஃப்ட் லைட் முறையில் 15 சதவீதம். ஓரத்தில் வரும் கோடுகளை மறைக்க லேயரைப் படத்தைவிடப் பெரிதாக எடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரே ஒரு திசையில் விட்டால் லிப்ட் கதவு மாதிரி ஆகிவிடும். கையால் தேய்த்த பித்தளையில் கீறல் பல பக்கம் ஓடும் என்பதால் மூன்று லேயர், மூன்று கோணம். சமையலறையில் சில்வர் சட்டி மூடியைப் பார்த்தால் வட்டக் கீறலில் வெளிச்சம் விசிறி மாதிரி விரிவது தெரியும். அது வேண்டுமென்றால் மோஷன் ப்ளருக்குப் பதில் வட்டமாகச் சுற்றும் ப்ளர் போட வேண்டும். எனக்கு அது தேவைப்படவில்லை.

களிம்பில்தான் கை மீறிப் போனேன். நிஜ எழுத்தில் பார்த்த பச்சையைத் துளையைச் சுற்றி, மூலையில், சுழிக்குள் எல்லாம் பூசினேன். எனக்கு அழகாகத்தான் இருந்தது. முதலாளி பார்த்துவிட்டு, "தம்பி, நகைக்கடை போர்டுல பாசி பிடிச்சா ஆக்கள் உள்ளுக்கு வருவாங்களா?" என்றார். அழித்தேன். திருகாணித் தலையைச் சுற்றி மட்டும் மெல்லிய பழுப்பு வளையம் விட்டேன்.

அச்சு வேறு ஒரு பாடம் நடத்தியது. முழு போர்டையும் அடிக்க முன் A3 அளவில் ஒரு துண்டு அடித்துப் பார்த்தேன். திரையில் பொன்னாக இருந்தது பிளெக்ஸில் கடுகாக வந்திருந்தது. அச்சுக் கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. திரை தானே ஒளிர்கிறது. பிளெக்ஸில் ஆகக் கூடிய வெளிச்சம் அந்தத் துணியின் வெள்ளைதான், அதைத் தாண்டி மினுக்கம் போக முடியாது. நான் சுவர் நிறத்தை ஏற்கெனவே வெளிச்சமாக வைத்திருந்ததால் வானக் கீற்றுக்கு ஏற இடமே இருக்கவில்லை. இன்னும் மஞ்சளைக் கூட்டுவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும், எனக்கும் தோன்றியது, அது தப்பு. நேர் எதிராக, சுவரை 176இலிருந்து 138க்கு இறக்கினேன், மற்ற இரண்டு எண்களையும் அதே விகிதத்தில். திரையில் பார்க்க அழுக்காக இருந்தது. இரண்டாவது துண்டில் மினுக்கம் குத்தியது. அச்சுக் கடைப் பையன் நகத்தால் ஒரு தடவை சுரண்டிப் பார்த்தான். எனக்கு அது போதும்.

பின்னணி அடர் மெரூன். நிழல் இரண்டு போட்டேன், எழுத்தோடு ஒட்டி மெல்லியதாக ஒன்று, கொஞ்சம் தள்ளிப் பரவலாக ஒன்று. இரண்டுமே கறுப்பில்லை, மெரூனையே இருட்டாக்கியது.

மூன்று வரியும் சேர்ந்து நின்றபோது சிங்களம்தான் ஆக அழகாக இருந்தது. உருண்டை எழுத்து எல்லாத் திசையையும் பார்ப்பதால் வானம், தகரம், வீதி எல்லாம் அதில் சுற்றி ஓடியது. தமிழ் அடுத்தது. ஆங்கிலத்தில் நேர்க்கோடுகள் கூட என்பதால் தகட்டை வெட்டி ஒட்டிய மாதிரியே இருந்தது. ஆங்கில வரி சிறியது, பரவாயில்லை என்று விட்டேன்.

போர்டு ஏறி இப்போது மூன்று வாரம். காலையில் எதிர்ப்பக்கம் நின்று பார்த்தால் எழுத்துக்குள் அந்தத் தகர நிழல் சரியான உயரத்தில் விழுந்திருக்கிறது. நடந்துகொண்டே பார்த்தால் குட்டு வெளிப்படும். நிஜப் பித்தளையில் மினுக்கம் கூடவே நகரும், இது நகராது. ளி-யைத் துணியில் சுற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். லாச்சிக்குள் போட்டுவிட்டு, பில்லை நீட்டச் சொன்னார்.

ஒரு விஷயம் அவருக்குச் சொல்லவில்லை. திருகாணித் தலை ஒன்றைச் செய்து, அதையே மற்ற இடங்களுக்கு நகல் எடுத்தேன். எல்லாத் தலையிலும் கீற்று ஒரே பக்கம் பார்த்தால் பொய் தெரியும் என்று ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சம் திருப்பினேன். மாளிகையின் ளி-யில் இருப்பதை மட்டும் அவசரத்தில் 180 பாகைக்குப் பக்கத்தில் திருப்பிவிட்டேன். கீற்றோடு சேர்ந்து வெளிச்சமும் திரும்பிவிட்டது. மற்றத் திருகாணிகள் எல்லாம் புடைத்து நிற்க, அது மட்டும் துளையாகத் தெரிகிறது, திருகாணி கழன்று விழுந்த மாதிரி. போன கிழமை அந்தப் பக்கம் போனபோது கடைப் பையன் ஒருவன் ஏணியில் ஏறி அதை விரலால் தடவிக்கொண்டிருந்தான்.